பழைய ஃபெலனி தண்டனைக்குப் பிறகு துப்பாக்கி உரிமையைச் சட்டப்படி திரும்பப் பெறுவது: ஒஹாயோவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஃபெலனி எனப்படும் கடுங்குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர், சிறைவாசம், பரோல், அபராதம் எல்லாம் முடிந்து இருபது வருடம் ஆனாலும், ஒரே ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்க முடியாத நிலையில் இருக்கலாம். காலம் கடந்தால் தடை தானாக விலகிவிடும் என்று நம்பி வேட்டைக்குப் போனவர்கள் மறுபடி சிறைக்குப் போயிருக்கிறார்கள். தடையை நீக்க வழி இருக்கிறது. ஆனால் அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரே மாநிலத்துக்குள்ளும் எந்தக் குற்றம், எந்த வருடம் என்பதைப் பொறுத்து மாறும். ஐம்பது மாநிலத்தையும் மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒன்றை முழுதாகப் பார்ப்பதுதான் பயன்படும். இங்கே ஒஹாயோ.

தடை ஒன்றல்ல, இரண்டு

முதல் தடை ஃபெடரல் சட்டத்துடையது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, பிரிவு 922(ஜி)(1): ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. உங்களுக்கு எவ்வளவு தண்டனை கிடைத்தது என்பது இங்கே கணக்கில் வராது; எவ்வளவு விதித்திருக்க முடியும் என்பதே கணக்கு. ஒரு நாள்கூட உள்ளே இருக்காமல் புரொபேஷனில் வந்தவருக்கும் தடை உண்டு. மீறினால் 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 15 ஆண்டு வரை சிறை.

இரண்டாவது தடை ஒஹாயோவுடையது, பிரிவு 2923.13. இது எல்லா ஃபெலனிக்கும் பொருந்தாது. வன்முறைக் குற்ற வகை ஃபெலனி, போதைப்பொருள் ஃபெலனி ஆகிய இரண்டுக்கும்தான் முக்கியமாகப் பொருந்தும். சிறார் நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பும் இதில் சேரும். மீறினால் மூன்றாம் நிலை ஃபெலனி (நிலை எண் குறையக் குறையக் குற்றம் கடுமையானது), 36 மாதம் வரை.

இரண்டு தடையும் வெவ்வேறு அளவுகோலில் ஓடுவதால், ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம், சில சமயம் அவர் பயந்துகொண்டிருக்கும் தடை இல்லாமலே இருக்கலாம். அதனால் மனு எழுதுவதற்கு முன் ரெக்கார்டுதான் வேலை.

ரெக்கார்டைத் திரட்டுவது

நினைவை நம்பாதீர்கள். "ஒரே ஒரு கேஸ்தான்" என்பவரின் ரெக்கார்டில் அவர் மறந்துபோன இரண்டாவது கேஸ் இருப்பது சாதாரணம்.

எஃப்பிஐயிடம் உங்கள் குற்ற வரலாற்றுச் சுருக்கத்தைக் கேளுங்கள். கைரேகையோடு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 18 டாலர். கைரேகையைச் சில தபால் நிலையங்களிலேயே மின்னணு முறையில் எடுத்து அனுப்பலாம். ஒஹாயோ அட்டர்னி ஜெனரலின் கீழுள்ள பிசிஐ எனும் குற்றப் புலனாய்வுப் பிரிவின் ரெக்கார்டைத் தனியாக எடுங்கள்; வெப்செக் எனும் மின்னணுக் கைரேகைச் சோதனை வசதியுள்ள இடங்களில் கைரேகை கொடுத்தால் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கைது பதிவாகியிருக்கும், தீர்ப்பு பதிவாகியிருக்காது. அல்லது தள்ளுபடியான குற்றச்சாட்டு இன்னும் திறந்தே கிடக்கும். பின்னால் துப்பாக்கிக் கடையில் மறுப்பு வருவதற்குப் பாதிக் காரணம் இந்த ஓட்டைகள்தான்.

அடுத்து, தண்டனை கொடுத்த ஒவ்வொரு கோர்ட்டின் கிளர்க் அலுவலகத்திலிருந்தும் சான்றிட்ட நகல்கள்: குற்றப்பத்திரிகை, தண்டனைத் தீர்ப்பு கோர்ட் பதிவேட்டில் ஏறிய ஜர்னல் என்ட்ரி, மேற்பார்வை முடிந்ததற்கான உத்தரவு. சிறையில் இருந்து பரோலில் வந்தவர் என்றால் அடல்ட் பரோல் அத்தாரிட்டி கொடுத்த இறுதி விடுவிப்புச் சான்றிதழ். அபராதம், கோர்ட் செலவு, இழப்பீடு எல்லாம் கட்டி முடிந்து பாக்கி இல்லை என்று கிளர்க்கிடமிருந்து ஒரு தாள். பழைய கேஸில் சில நூறு டாலர் கோர்ட் செலவு பாக்கியாகக் கிடந்தால், விசாரணையில் அரசுத் தரப்பு முதலில் எடுப்பது அதைத்தான்.

ஜர்னல் என்ட்ரி கைக்கு வந்ததும் மூன்று விஷயங்களை அடிக்கோடிடுங்கள்: குற்றத்தின் சட்டப்பிரிவு எண், ஃபெலனியின் நிலை, குற்றம் நடந்த தேதி. குற்றச்சாட்டு ஒன்றாகவும் ஒப்புக்கொண்டது வேறாகவும் இருப்பது வழக்கம். உங்களுக்குக் கணக்கு, தீர்ப்பில் இருப்பது மட்டுமே.

ஒவ்வொரு தண்டனையையும் தனியாக எடைபோடுவது

*ஐந்தாம் நிலை ஃபெலனி.* ஒஹாயோவில் 1996 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின்படி இதற்கு உச்சபட்சம் 12 மாதம். ஃபெடரல் சட்டம் கேட்பது ஓராண்டுக்கு மேல். 12 மாதம் ஓராண்டைத் தாண்டவில்லை, ஆகவே 922(ஜி)(1) இதைத் தொடாது. ஆனால் அந்த ஐந்தாம் நிலைக் குற்றம் கோகேய்ன் வைத்திருந்தது என்றால் ஒஹாயோ தடை அப்படியே இருக்கிறது, அதற்கு மனு போட்டே ஆக வேண்டும். நான்காம் நிலைக்கு உச்சம் 18 மாதம் என்பதால் அது ஃபெடரல் தடைக்குள் வந்துவிடும். 1996 ஜூலைக்கு முந்தைய குற்றம் என்றால் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அந்தக் காலச் சட்டத்தில் உச்சபட்சம் என்ன என்று பார்க்க வேண்டும்.

*வன்முறைக் குற்ற வகை.* யாரையும் அடிக்காதவர்கூட இந்தப் பட்டியலுக்குள் இருக்கலாம். பிரிவு 2901.01இல் உள்ள பட்டியலில், குற்ற நோக்கோடு வீடு புகும் பர்க்லரியின் பெரும்பாலான உட்பிரிவுகள் சேர்ந்திருக்கின்றன. ஆளில்லாத கட்டடத்துக்குள் புகுந்த "பிரேக்கிங் அண்ட் என்டரிங்" அதில் இல்லை. இரண்டுக்கும் எண் அடுத்தடுத்து இருப்பதால் வழக்கறிஞர்களே குழம்புவதுண்டு.

*திருட்டு, மோசடி ஃபெலனி.* சிக்கலான இடம் இது. நிலை நான்கு அல்லது அதைவிடக் கடுமையான திருட்டில் ஒஹாயோ தடை இல்லை, ஃபெடரல் தடை உண்டு. மாநிலத் தடையே இல்லாதபோது மாநில கோர்ட்டில் எதை நீக்கச் சொல்வது? ஃபெடரல் சட்டத்தின் 921(ஏ)(20) ஒரு வாசல் வைத்திருக்கிறது: தண்டனை அழிக்கப்பட்டிருந்தாலோ, மன்னிப்புக் கிடைத்திருந்தாலோ, குடிமை உரிமைகள் மீட்கப்பட்டிருந்தாலோ அந்தத் தண்டனை கணக்கில் வராது. குடிமை உரிமைகள் என்று கோர்ட்டுகள் பார்ப்பது வாக்குரிமை, ஜூரியில் உட்காரும் உரிமை, பொதுப்பதவி வகிக்கும் உரிமை. ஒஹாயோவில் தண்டனை முடிந்ததும் பலருக்கும் இவை திரும்பிவிடும். ஆனால் திருட்டு, மோசடி ஃபெலனிக்குப் பொதுப்பதவித் தடை பிரிவு 2961.02இன்படி நீடிக்கிறது. மூன்றில் ஒன்று திரும்பவில்லை என்றால் "மீட்கப்பட்டது" என்று வாதிடுவது கடினம். இவர்களுக்கு உறுதியான வழி ரெக்கார்டை அழிக்கும் எக்ஸ்பஞ்ச்மென்ட் அல்லது ஆளுநர் மன்னிப்பு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு தகுதியுள்ள நான்காம், ஐந்தாம் நிலை ஃபெலனிகளை, ரெக்கார்டை மூடி வைக்கத் தகுதி வந்து 10 ஆண்டு கழித்து அழிக்கக் கேட்கலாம். வன்முறை ஃபெலனி இதில் சேராது.

*வேறு மாநிலத் தண்டனை.* கென்டக்கியில் தண்டனை பெற்று இப்போது சின்சினாட்டியில் குடியிருப்பவர் ஒஹாயோ கோர்ட்டில் மனு போட்டு ஒஹாயோ தடையை நீக்கிக்கொள்ளலாம். ஃபெடரல் தடை நீங்காது. தண்டனை கொடுத்த மாநிலத்தின் சட்டம்தான் அந்தத் தண்டனையின் கதியைத் தீர்மானிக்கும் என்று 921(ஏ)(20) சொல்கிறது. இன்னொரு பொறி: பென்சில்வேனியாவில் முதல்நிலை மிஸ்டிமீனருக்கு (ஃபெலனியைவிடச் சிறிய குற்ற வகை) ஐந்தாண்டு வரை சிறை உண்டு. மாநில மிஸ்டிமீனருக்கு உச்சம் இரண்டாண்டுக்குள் இருந்தால்தான் ஃபெடரல் சட்டம் விட்டுவிடும். "ஃபெலனியே இல்லையே" என்று நினைத்திருந்தவர் தடைக்குள் நிற்பார்.

*ஃபெடரல் கோர்ட் தண்டனை.* மாநிலத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று 1994இல் பீச்சம் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. நெடுங்காலமாக இருந்த ஒரே நடைமுறை வழி ஜனாதிபதி மன்னிப்பு. விடுதலைக்குப் பிறகு ஐந்தாண்டு காத்திருந்து பார்டன் அட்டர்னி அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 925(சி) என்ற நிவாரணப் பிரிவு சட்டத்தில் இருந்தும், தனிநபர் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க 1992 முதல் காங்கிரஸ் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏடிஎஃப்-க்குப் பணம் ஒதுக்காததால் அது உறைந்து கிடந்தது. 2025 மார்ச்சில் ஃபெடரல் அரசின் நீதித்துறை அந்த அதிகாரத்தை ஏடிஎஃப்-இடமிருந்து எடுத்துக்கொண்டு, ஜூலையில் புதிய நடைமுறைக்கான விதிகளை முன்மொழிந்தது. ஃபெடரல் தண்டனை உள்ளவர்கள் விண்ணப்பம் தயாரிக்கும் முன் நீதித்துறையின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிட வேண்டும்.

*வெளிநாட்டுத் தண்டனை.* நம்மவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் விஷயம். ஜப்பானில் தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கில், ஸ்மால் எதிர் அமெரிக்கா, 2005: "எந்தக் கோர்ட்" என்று 922(ஜி)(1) சொல்வது அமெரிக்கக் கோர்ட்டுகளை மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையிலோ கொழும்பிலோ வந்த தீர்ப்பு இந்தப் பிரிவுக்குள் வராது. ஆனால் ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவருக்கு 922(ஜி)(5) தனியாகத் தடை வைக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. அமெரிக்கத் தண்டனை உள்ள கிரீன் கார்டுக்காரர் ஒன்றை மனதில் இறுத்திக்கொள்ள வேண்டும்: மாநிலம் ரெக்கார்டை அழித்தாலும் குடிவரவுச் சட்டத்துக்கு அது தண்டனைதான். குடியுரிமை விண்ணப்பத்தில் மறைத்தால் வேறு வில்லங்கம். குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் பழைய கேஸைத் திறக்க வேண்டாம்.

இவை தவிர, குடும்ப வன்முறை மிஸ்டிமீனருக்கு 1996 முதல் தனித் தடை உண்டு. நிலுவையில் உள்ள ஃபெலனிக் குற்றப்பத்திரிகை, நடப்பிலுள்ள பாதுகாப்பு உத்தரவு ஆகியவையும் தடுக்கும். ஒஹாயோவில் 2023 நவம்பர் வாக்கெடுப்பில் பொழுதுபோக்குக் கஞ்சா சட்டபூர்வமானது. அது மாநிலச் சட்டம் மட்டும்தான்; ஃபெடரல் சட்டத்தில் கஞ்சா பயன்படுத்துபவருக்குத் துப்பாக்கித் தடை இருக்கிறது. ஃபெலனித் தடையை நீக்க இவ்வளவு பாடுபட்டுவிட்டு இதில் போய் மாட்டிக்கொள்வது கொடுமை.

உத்தரவு வரும்வரை

மனு போட்டுவிட்டோம் என்பது அனுமதி அல்ல. சட்டம் "வைத்திருப்பது" என்று சொல்வது கையில் பிடிப்பதை மட்டுமல்ல. நினைத்தால் எடுக்க முடிகிற இடத்தில் இருப்பதும் அதில் அடங்கும். மனைவியின் பெயரில் வாங்கிய துப்பாக்கி படுக்கையறை அலமாரியில் இருந்தால் அது உங்களுடையதாகவும் கருதப்படலாம். பூட்டிய பெட்டகத்தில் இருக்க வேண்டும், சாவியோ எண்ணோ உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. இன்னும் நல்லது, வேறு வீட்டில் வைப்பது. மேசை டிராயரில் உருண்டு கிடக்கும் பழைய தோட்டாக்களையும் தேடி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

கரிமருந்து போட்டு வாய்வழியாக நிரப்பும் பழைய வகைத் துப்பாக்கிக்கு ஃபெடரல் சட்டத்தில் விலக்கு உண்டு என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். ஃபெடரலுக்கு அது சரி. ஒஹாயோவின் வரையறை வெடிமருந்தால் எறிபொருளைச் செலுத்தும் எந்த ஆயுதத்தையும் பிடிக்கும், விலக்கு உதவாது. வில்லோடு வேட்டைக்குப் போங்கள்.

மனு: பிரிவு 2923.14

மனு போடும் இடம் நீங்கள் இப்போது குடியிருக்கும் கவுன்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) விசாரணை நீதிமன்றமான காமன் பிளீஸ் கோர்ட். தண்டனை கொடுத்த கவுன்டி அல்ல. ஒஹாயோவை விட்டுப் போனவருக்கு இந்த வாசல் சிக்கலாவது இதனால்தான்.

மனுவில் கட்டாயம் இருக்க வேண்டியவை: தடைக்குக் காரணமான எல்லாக் குற்றப்பத்திரிகைகளும் தண்டனைகளும், வழக்கு எண்ணோடு; விதித்த தண்டனை, அனுபவித்த தண்டனை; பரோல், கம்யூனிட்டி கன்ட்ரோல் போன்றவை எப்போது தொடங்கி எப்போது முடிந்தன; நிவாரணத்துக்கு நீங்கள் தகுதியானவர் என்று காட்டும் விவரங்கள்.

இதில் "எல்லா" என்ற சொல்லில்தான் மனுவின் உயிர் இருக்கிறது. நீக்கம், மனுவில் குறிப்பிட்ட தண்டனைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று அதே பிரிவு சொல்கிறது. 1998 கேஸை எழுதிவிட்டு 2001 கேஸை விட்டுவிட்டால், கையில் உத்தரவு இருந்தும் தடை அப்படியே நிற்கும். சிறார் தீர்ப்பையும் சேர்த்து எழுதுங்கள். ஐந்தாம் நிலை என்பதால் ஃபெடரல் தடை இல்லை என்று கண்டுபிடித்த போதைப்பொருள் கேஸும் இங்கே வந்தாக வேண்டும்.

மனுவின் நகல் கவுன்டியின் அரசு வழக்கறிஞரான பிராசிக்யூட்டருக்குப் போக வேண்டும். அவர் விசாரித்து, வேண்டுமானால் எதிர்ப்பார். மனுவைத் தாக்கல் செய்யும் முன்பே அந்த அலுவலகத்துக்கு ஆவணக் கட்டை அனுப்பி, எதிர்ப்பு இருக்குமா என்று கேட்கும் வழக்கறிஞர்தான் வேலை தெரிந்தவர். கட்டணம் கவுன்டிக்குக் கவுன்டி மாறும். வழக்குச் செலவு மனுதாரர் தலையில்.

எல்லாருக்கும் இந்த மனு திறந்திருக்கவில்லை. துப்பாக்கி தொடர்பான கூடுதல் தண்டனைக் குறிப்போடு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை ஃபெலனி தண்டனை பெற்றவர்கள் விலக்கப்பட்டிருக்கிறார்கள்.

விசாரணை நாள்

நீதிபதி மூன்றைப் பார்ப்பார். சிறை, பரோல், மேற்பார்வை எல்லாவற்றிலிருந்தும் முழுமையாக விடுபட்டவரா? விடுபட்ட நாளிலிருந்து சட்டத்தை மதித்து வாழ்ந்தவரா, இனியும் வாழ்வாரா? வேறு எந்தச் சட்டத்தாலாவது தடை இருக்கிறதா? மூன்றும் தேறினாலும் நீக்கம் கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

முதலாவதைத் தாள்களே சொல்லிவிடும். இரண்டாவதுக்குத்தான் உழைப்பு. வேலைச் சான்று, வரி கட்டிய விவரம், போதை மறுவாழ்வு முடித்த சான்றிதழ், உங்களை நீண்ட நாள் அறிந்தவர்களின் கடிதங்கள். கடிதம் எழுதுபவருக்கு உங்கள் தண்டனை பற்றித் தெரிந்திருக்க வேண்டும். "நல்ல மனிதர், கோயிலுக்கு உதவுவார்" என்று மட்டும் எழுதியவரை விசாரித்து, அவருக்குக் கேஸே தெரியாது என்று வெளிப்பட்டால் அந்தக் கடிதம் உங்களுக்கு எதிராகவே திரும்பும். பழைய வழக்கின் விவரத்தையும் இன்றைய மாற்றத்தையும் சேர்த்துச் சொல்லும் அரைப்பக்கம் போதும்.

நீதிபதி குற்றத்தைப் பற்றிக் கேட்டால் சுருக்கமாக, முழுதாகப் பொறுப்பேற்றுப் பதில் சொல்லுங்கள். அன்றைக்குப் போலீஸ் பொய் சொன்னது, வழக்கறிஞர் ஏமாற்றினார் என்று பழைய கேஸை மறுபடி நடத்தத் தொடங்குவதுதான் நல்ல மனுக்களைக் கெடுக்கிறது. துப்பாக்கி எதற்கு என்ற கேள்விக்கும் நேரான பதில் வைத்திருங்கள்: மான் வேட்டை, வீட்டுப் பாதுகாப்பு, பாதுகாப்புக் காவலர் வேலை. உண்மை எதுவோ அது.

உத்தரவின் வாசகம்

வரைவு உத்தரவை உங்கள் தரப்பே தயாரித்துக் கொடுப்பது வழக்கம். அதை அசட்டையாக விடாதீர்கள். ஒவ்வொரு வழக்கு எண்ணும், சட்டப்பிரிவும், ஃபெலனி நிலையும் அதில் இருக்க வேண்டும். மூன்று தகுதிகளும் தேறியதாகக் கோர்ட் சொல்ல வேண்டும். எந்தக் குடிமகனுக்கும் உள்ள முழு அளவிலான துப்பாக்கி உரிமை மீட்கப்படுகிறது என்ற, பிரிவு 2923.14இன் சொந்த வாசகம் வரிக்கு வரி இருக்க வேண்டும்.

இந்த வாசகத்துக்கு இவ்வளவு அழுத்தம் ஏன் என்றால், 1998இல் கேரன் எதிர் அமெரிக்கா வழக்கு. மாசசூசெட்ஸில் நீள்துப்பாக்கிக்கு உரிமை திரும்பியிருந்தது, கைத்துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு மிச்சமிருந்தது. ஒரு வகைக்குத் தடை மிச்சமிருந்தாலும் ஃபெடரல் தடை எல்லா வகைக்கும் நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. "வேட்டைத் துப்பாக்கிக்கு மட்டும்" என்று நீதிபதி பேனாவால் ஒரு வரி சேர்த்தாலே அந்த உத்தரவு ஃபெடரல் சட்டத்தின் முன் செல்லாக்காசு. ஒஹாயோ 2011இல் பிரிவைத் திருத்தி முழு மீட்பு என்ற வாசகத்தைச் சேர்த்தது. அதை விடாமல் பயன்படுத்துங்கள்.

கையெழுத்தானதும் சான்றிட்ட நகல்கள் நான்கைந்து வாங்குங்கள். ஒன்று பிசிஐக்கு, ரெக்கார்டில் ஏற்றுவதற்காக. கோர்ட் அனுப்பிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். சில வாரம் கழித்து மறுபடி வெப்செக் எடுத்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்குப் போகும் முன்

துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் ஃபெலனி தண்டனை பற்றிய கேள்வி வரும். தண்டனை அழிக்கப்பட்டோ உரிமை மீட்கப்பட்டோ தடை நீங்கியவர் "இல்லை" என்று பதில் தரலாம் என்று படிவத்தின் அறிவுறுத்தலே சொல்கிறது. ஆனால் தடை ஃபெடரல் அளவிலும் நீங்கியிருக்க வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் 10 ஆண்டு வரை சிறை. ஐயம் இருந்தால் வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்கிய பிறகே படிவத்தைத் தொடுங்கள்.

ஒஹாயோவில் கடைக்காரரின் சோதனை நேராக எஃப்பிஐயின் நிக்ஸ் எனும் பின்னணிச் சோதனை அமைப்புக்குப் போகிறது. பழைய ரெக்கார்டைப் பார்த்து மறுப்பு வந்தால் கடைக்காரரோடு வாதாடிப் பயனில்லை. எஃப்பிஐயிடம் காரணம் கேட்டு, உத்தரவின் நகலோடு மேல்முறையீடு செய்யுங்கள். 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2018 சட்டம். இதைவிட நல்லது, மறுப்பு வரும் முன்பே நிக்ஸின் தன்னார்வ மேல்முறையீட்டுக் கோப்புக்கு விண்ணப்பிப்பது. ஏற்றுக்கொண்டால் யூபின் என்ற தனி எண் கிடைக்கும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அதை 4473இல் எழுதினால், பழைய கேஸ் குறுக்கே வந்து நிற்பது குறையும்.

வேறு மாநிலத் தண்டனை உள்ளவர்களுக்கு

டெக்ஸாஸில் விடுதலையாகி ஐந்தாண்டு கழித்து வீட்டுக்குள் மட்டும் வைத்திருக்க மாநிலச் சட்டம் விடுகிறது. ஃபெடரல் தடை நீங்காது. மிக அதிகம் பேரை ஏமாற்றும் விதி இது. ஃப்ளோரிடாவில் 2018 திருத்தம் திருப்பிக் கொடுத்தது வாக்குரிமையை மட்டும். துப்பாக்கிக்குத் தண்டனை முடிந்து எட்டாண்டு கழித்து ஆளுநரின் கருணை வாரியத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வர்ஜீனியாவில் முதலில் ஆளுநரிடம் குடிமை உரிமை மீட்பு, அதன் பிறகே சர்க்யூட் கோர்ட்டில் துப்பாக்கி மனு. ஜார்ஜியாவில் கோர்ட் இல்லை, மன்னிப்பு மற்றும் பரோல் வாரியம்.

ஒஹாயோ உத்தரவு நிரந்தரப் பட்டா அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தகுந்த காரணம் காட்டினால் கோர்ட் அதை ரத்து செய்யலாம். புதிதாக வன்முறை ஃபெலனியோ போதைப்பொருள் ஃபெலனியோ செய்தால் தானாகவே செல்லாமல் போகும். வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அந்த மாநிலத்தின் சொந்தத் தடை உங்களுக்குப் பொருந்துமா என்று துப்பாக்கியைக் காரில் ஏற்றும் முன்பே பாருங்கள். உத்தரவின் ஒரு சான்றிட்ட நகலைத் துப்பாக்கிப் பெட்டியோடும், இன்னொன்றை வீட்டில் வேறிடத்திலும் வையுங்கள்.